கைக்குக் கை வாங்கிய கத்தி

இன்று செவ்வாய்ப்பேட்டைச் சந்தைக்கு வெங்காயம் வாங்கப் போனவன், வழியில் விளக்கெண்ணெய் வாசத்தில் நின்றுவிட்டேன். துரு ஏறாமலிருக்க எண்ணெய் தடவிய புதுக் கத்திகளைச் சாக்கின் மேல் பரப்பி வைத்திருந்தார்கள். யுத்தம் முடிந்து, இரும்புச் சாமான்கள் இப்போதுதான் மறுபடி கண்ணில் படுகின்றன. நான் ஒன்றை எடுத்து, முதுகுப்புறம் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். நகத்தால் தட்டிக் காதருகே வைத்தேன். கைப்பிடியை முறுக்கிப் பார்த்தேன்.

“என்ன வேலைக்குங்க?” என்று கடைக்காரர் கேட்டார்.

என்ன சொல்வது? எனக்கு இப்போது கத்தியால் ஆக வேண்டிய வேலை ஒன்றுமில்லை. உங்களுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் காலமாகி இரண்டு வருஷமாகிறது என்பது கத்தியைக் கீழே வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

உங்களுக்கு நான் முதல்முதலாகக் கத்தி பார்த்துத் தந்த வருஷம் நம் சர்வே முகாம் கொல்லிமலை அடிவாரத்தில். நீங்கள் வெயிலில் சங்கிலி பிடித்து நிலத்தை அளப்பீர்கள். நான் கூடாரத்துக்குள் உட்கார்ந்து அதைப் படமாக வரைவேன். கூடாரமும் சங்கிலியும் சர்க்கார் கொடுத்தது. கத்தி மட்டும் அவரவர் பாடு. முளைக்குச்சி சீவ, எல்லைக்கல்லை மூடிக்கிடக்கும் காரை முள்ளைக் கழிக்க, கூடாரக் கயிறு அறுக்க, கத்தரிக்காய் நறுக்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றுதான்.

முந்தின வருஷம் சேலத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னிய ஒரு சீமைக் கத்தியை ஆசைப்பட்டு வாங்கினீர்கள். கைப்பிடிக்குள் இரும்பு பாதி தூரம்கூடப் போகவில்லை, வெறும் அரக்கு வைத்து ஒட்டியது. சித்திரை வெயிலில் அரக்கு இளகி, பிடி ஒரு பக்கமும் அலகு ஒரு பக்கமுமாக வந்தது. அடுத்து வாங்கியது மடக்குக் கத்தி. முள்ளை வெட்டும்போது அது உங்கள் விரல் மேலேயே மடங்கியது. அதற்குப் பிறகுதான் என்னை அழைத்தீர்கள்.

“மேப்புக்காரரே, எனக்குப் பளபளன்னு இருந்தாப் புடிச்சுப்போகுது. நீங்க பாத்து எடுங்க.”

“எனக்குக் கத்தியைப் பத்தி என்னங்க தெரியும்? பென்சில் சீவறதோட சரி.”

“வாங்க சாமி, போலாம்.”

நாமக்கல் சந்தையில் கொல்லர் வீட்டம்மா ஒருத்தி கடை போட்டிருந்தாள். எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. முகாமுக்கு அருகில் வைத்தியர் கிடையாது. நான் எடுத்துத் தரும் கத்தி உடைந்தால் போவது உங்கள் கை. அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நீளமானவற்றை ஒதுக்கினேன்; இடுப்பில் செருகிக்கொண்டு குனிய முடியாது. மெல்லியவற்றையும் ஒதுக்கினேன். மீதியில் கைப்பிடியின் இரு பக்கக் கட்டைக்கும் நடுவே இரும்பு கடைசிவரை தெரிகிறதா என்று பார்த்தேன். தட்டினால் ஓசை விட்டு ஒலிக்கிறதா, அடைத்த சத்தம் வருகிறதா என்று கேட்டேன். ஈரக் கையால் பிடித்தால் வழுக்குமோ என்று எச்சிலைத் தொட்டுக்கூடப் பார்த்தேன். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

“ஏனுங்க, பொண்ணு பாக்கறதுக்கே இத்தனை நேரம் ஆவாதுங்களே” என்றாள் அந்த அம்மா.

“அவரு பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்படித்தானுங்க, தட்டிப் பாக்க உடலைன்னு கோவம்” என்றீர்கள் நீங்கள்.

நான் கடைசியில் எடுத்தது அந்தச் சாக்கிலேயே அழகில்லாதது. வண்டிச் சக்கரத்தின் பழைய இரும்புப் பட்டையில் அடித்த கத்தி, கறுப்பேறிய அலகு ஒரு சாண்கூட இல்லை. புளியங்கட்டைப் பிடி, அதை இரும்போடு இறுக்க மூன்று தறையாணி. மலிவுதான். உங்கள் முகம் வாடியது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டீர்கள். அந்த அம்மா கத்தியை உங்கள் கையில் தராமல் சாக்கின் மேல் வைத்தாள். நீங்கள் அங்கிருந்து எடுத்துக்கொண்டீர்கள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் இருவருக்கும் பகை வரும் என்பதால் நம் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். முகாமில் நாமும் அப்படியே செய்தோம். நீங்கள் கேட்பீர்கள், நான் பாயில் வைப்பேன், நீங்கள் எடுப்பீர்கள்.

ஐப்பசியில் முகாமை மாற்றினோம். கூடாரச் சாமான் ஏற்றிய வண்டியில் நான் உட்கார்ந்து உங்கள் கத்தியால் வெள்ளரிப்பிஞ்சு நறுக்கிக்கொண்டு வந்தேன். நீங்களும் வண்டிக்காரரும் ஆளுக்கொரு பக்கம் மாட்டைப் பிடித்து ஓடையில் இறக்கினீர்கள். நமக்கு வெயில் அடித்துக்கொண்டிருந்தது, மலையில் மழை. நடு ஓடையில் தண்ணீர் திடீரென்று ஏறியது. ஒரு சக்கரம் மணலில் இறங்கி, உங்கள் பக்கத்து மாடு சாய்ந்தது. மாட்டின் கழுத்தை நுகத்தடியோடு பிணைக்கும் பூட்டாங்கயிறு இறுகிக்கொண்டது. அதைத் தளர்த்தப் போன உங்கள் இடது கையும் கயிற்றுக்குள் மாட்டிக்கொண்டது.

“கத்தி” என்றீர்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் எப்படி இறங்கினேன் என்று இன்றும் தெரியவில்லை. உங்கள் வலது கை எனக்கு எட்டும் தூரத்தில் நீண்டிருந்தது. அந்த நேரத்திலும் நான் செய்தது என்ன? கத்தியை நுகத்தடி மேல் வைத்தேன், நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள் என்று. அது வழுக்கியது. தண்ணீரில் விழுவதற்குள் பிடியைப் பற்றிவிட்டேன்.

“கையில குடுய்யா” என்று கத்தினீர்கள். என்னை நீங்கள் மரியாதையில்லாமல் பேசியது அந்த ஒரு தடவைதான். கொடுத்தேன்.

தண்ணீருக்கடியில் கயிறு எங்கே, விரல் எங்கே என்று உங்களுக்குத்தான் தெரியும். நனைந்த கயிறு லேசில் அறுபடாது. நீங்கள் இழுக்க இழுக்க நான் அந்தப் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது கழன்றுவிடக் கூடாதே என்று. கழலவில்லை. கயிறு அறுந்து மாடு தலையைத் தூக்கியது. உங்கள் கையும் வெளியே வந்தது.

கரையில் துணி காயும்போது, வீங்கிய விரல்களைப் பார்த்தபடி சொன்னீர்கள்: “மேப்புக்காரரே, கைக்குக் கை வாங்கிப்போட்டமுங்க.”

“நீங்க அதெல்லாம் நம்புவீங்களா?”

“பூனை குறுக்க போனா நம்ப மாட்டேன். இது நம்ம ரெண்டு பேரு சங்கதியாச்சே. என்னைக்கோ வார சண்டைய இப்பவே போட்டு முடிச்சுப்போடலாம். நான் மொதல்ல. நீங்க தூங்கறப்பப் பல்லைக் கடிக்கறீங்க. ஒரு கோட்டப் போட்டுப் போட்டு அழிக்கறீங்க. கத்தி வாங்கப் போன எடத்துல என்னைப் பட்டினி போட்டீங்க. ஆச்சு, உங்க மொறை.”

மாட்டின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். “இதுக்குப் பேரு சண்டைங்களா? எங்க ஊட்டுக்காரி கேட்டாச் சிரிப்பா.”

எனக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தவன், ஏனோ நிஜமாகவே கோபத்தோடு பேசிவிட்டேன்: “என்னை நம்பி எதையும் விடாதீங்க. அந்தப் பிடி உடைஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்? எனக்கு எதுலயும் நிச்சயம் கிடையாது.”

நீங்கள் சிரிக்கவில்லை. “நிச்சயமாத் தெரியும்னு நான் வாங்கினது ரெண்டும் போச்சுங்க. தெரியலையேன்னு பயந்து பயந்து பாக்கற ஆளு ஒருத்தரு எம்பக்கத்துல இருக்கோணும்” என்றீர்கள். பிறகு வெள்ளரிப்பிஞ்சு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டீர்கள்.

அதற்கப்புறம் எத்தனை காரியத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். கிணற்றுக்கு இடம், மகளுக்கு மாப்பிள்ளை, கடைசியில் மூக்குக்கண்ணாடிகூட. ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரியாது என்றே ஆரம்பித்தேன். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பீர்கள்.

போன வாரம் உங்கள் மகள் சூரமங்கலத்துக்கு என் வீடு தேடி வந்தாள். பரமத்தி வேலூரில் ஆற்றோரமாக ஒரு வெற்றிலைத் தோட்டம் விலைக்கு வருகிறதாம். வெள்ளம் ஏறும் நிலமா, இல்லையா என்று விற்கிறவர் சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறாராம். அவளும் மாப்பிள்ளையும் கையிலிருப்பதையெல்லாம் அதில் போடப் போகிறார்கள்.

“எனக்கு அதெல்லாம் நிச்சயமாத் தெரியாதம்மா” என்றேன்.

“அதுக்குத்தானுங் மாமா உங்களைக் கூப்பிடறது” என்றாள்.

நாளைக் காலை பஸ்ஸில் போகிறேன். கரையோரத்து மரங்களில் பழைய வெள்ளத்தின் கறை எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மண்ணை ஆழத் தோண்டிப் பிசைந்து பார்க்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்தார்களைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பயத்தை நீங்கள் ஒரு நாளும் என் குறையாக நினைத்ததில்லை. அதனால் அதையும் கூட எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.