பின்கேட்டுக்குப் போகும் பாதை

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நிஜமாக நானேதான். இந்தக் கோணல்மாணல் எழுத்தெல்லாம் என் கை போட்டவை. இந்தக் கடிதத்துக்கு இது நான்காவது நாள். ஒரு வரி முடிந்ததும் எழுந்து தள்ளி நின்று பார்க்கிறேன். பாத்தி கட்டி முடித்துவிட்டுப் பார்ப்பது போல அவ்வளவு சந்தோஷம். போனில் பேசலாம்தான். ஆனால் உன் குரல் கேட்டால் இதில் பாதிகூடச் சொல்லாமல் போனை வைத்துவிடுவேன்.

அம்மா போன பிறகு எனக்கு ஒரு கடிதம் போட்டாய் அல்லவா? பக்கத்து வீட்டுக்காரர் படித்துக் காட்டுகிறேன் என்று கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. நீ எழுதியதை இன்னொருவர் வாயால் கேட்க மனம் வரவில்லை. நூலகத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் எழுத்து வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பத்து மாதம் உன் கடிதம் என் சட்டைப்பையில் காத்திருந்தது. போன மாதம்தான் கடைசி வரிக்கு வந்து சேர்ந்தேன். பூங்காவின் பின்கேட் இன்னும் பூட்டித்தான் இருக்கிறதா அப்பா என்று கேட்டிருந்தாய்.

நீ கேட்டபோது பூட்டித்தான் இருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாகத்தான் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவாய். கேட்டிலிருந்து என் கருவிக் கொட்டகை வரைக்கும் நீ நடந்து நடந்தே விழுந்த பாதை அது. புல்லை மிதித்தால் ஊரையே விசில் ஊதி விரட்டிய தோட்டக்காரன், உன்னை மட்டும் விட்டேன். பிறகு அந்தக் கேட்டில் உனக்காக ஒருவர் காத்து நிற்கிறார் என்று தெரிந்த அன்று பூட்டுப் போட்டேன். நீ முன்கேட் வழியாக அவரோடு போய்விட்டாய். பதினோரு வருஷம். வேலையிலிருந்து நின்றபோது எல்லாச் சாவியையும் ஒப்படைத்தேன். அந்த ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இப்போது பூங்காவை மாற்றி அமைக்கப் போகிறார்கள். ஜனங்களைக் கேட்டுத்தான் செய்வார்களாம். பெரிய வரைபடத்தை மேசைமேல் விரித்து வைத்திருக்கிறார்கள். அவரவர் வேண்டியதைச் சீட்டில் எழுதி ஒட்டலாம். நான் பின்பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். கேட் இருக்கும் இடத்தில் சுவர் போட்டிருந்தது. பொறுப்பாக வந்திருக்கும் இன்ஜினியர் அம்மாவிடம் கேட்டேன். ஆள் நடக்காத இடத்துக்குப் பாதை எதுக்கு ஐயா, ஒரு மாசம் எண்ணிப் பாக்கப் போறோம், நடந்தா பாதை, நடக்கலன்னா புல்லு என்று சொல்லிவிட்டார்.

மறுநாளே ஆரம்பித்தேன். கொட்டகையிலிருந்து கேட் வரை, கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி. தினமும் நாற்பது நடை. சர்க்கரைக்காக நடக்க வரும் கூட்டத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதில் ஒரு ரிட்டயர்டு கண்டக்டர், யோவ், எங்களை எல்லாம் விசில் ஊதித் துரத்துனியே, இப்ப உனக்கு யாருய்யா ஊதுறது என்றார். இந்தா, நீயே ஊது என்று விசிலை எடுத்துக் கொடுத்தேன். ஊதியும் விட்டார். பிறகு, கேட்டை ஏன் பூட்டி வச்சிருக்காங்க என்றார். கோபத்துல நான்தான் பூட்டினேன் என்றேன். சாவி எங்கே என்றார். இடுப்பில்தான் என்றேன். அப்புறம் என்னத்துக்குய்யா செக்குமாடு மாதிரி போயிட்டுப் போயிட்டுத் திரும்புற என்றார்.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன், மகளே. இத்தனை வருஷம் ஒருவரும் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை.

பூட்டில் எண்ணெய் விட்டு, கண்டக்டரும் நானும் மாறி மாறித் திருகினோம். கேட் திறந்தது. அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த வாரமே பள்ளிப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரி நர்ஸுகளும் அந்த வழியாக வர ஆரம்பித்தார்கள். மாதக் கடைசியில் இன்ஜினியர் அம்மா வரைபடத்தில் சுவரை அழித்துவிட்டுப் பாதைக்குக் கோடு போட்டார். கல் பதிக்கப் போகிறார்கள். கேட்டுக்கு இனிப் பூட்டு கிடையாதாம்.

நானும் ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். பாதையை யார் பயன்படுத்துவார்கள் என்ற இடத்தில், என் மகள் வருவாள் என்று எழுதினேன். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று அதன் கீழே கேட்டிருந்தது. அந்த இடத்தை விட்டுவைத்திருக்கிறேன். அதை நான் எழுத முடியாது.

ஒரு பெஞ்சும் கேட்டேன். கேட்டை ஒட்டி, வெளிப்பக்கம், நிழலில். சரி என்றிருக்கிறார்கள். மாப்பிள்ளையிடம் சொல். அன்றைக்கு அவரை ரொம்ப நேரம் நிற்க வைத்துவிட்டேன்.

இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

பின்கேட் பக்கமே பார்த்தபடி இருக்கும்,
அப்பா