விளம்பரத்தில் மட்டும் பெரிய முகம்

இப்போது நான் இருக்கும் ரூவியில், பேருந்து நிலையத்துக்கு எதிரே, இன்று ஒரு புதுப் படத்தின் விளம்பரப் பலகையைப் பார்த்தேன். நடுவில் பறக்கத் தயாராக ஒரு வெள்ளைக்கார சூப்பர் ஹீரோ. அவன் தோளுக்குப் பின்னால், பாதி மறைந்தபடி, ஒரு கறுப்பு முகம். இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். நீ இறந்து மூன்று வருடமாகிறது.

ஷார்ஜா முவைலாவில் நாங்கள் தங்கியிருந்த கட்டடத்துக்கு நீ வாட்ச்மேன், உகாண்டாக்காரன். நான் ஏசி மெக்கானிக். நமக்குள் ஓட்டை இந்திதான். இந்த மாதிரிப் படம் ஒன்றைக்கூட நீ விட்டதில்லை. அதில் வரும் கறுப்பு ஆள் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறான் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாய். "இன்னிக்கு இருபத்திரெண்டு நிமிஷம், பாய். பரவாயில்ல, முன்னேறிட்டோம்" என்பாய், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஒரு வெள்ளிக்கிழமைப் படத்தின் விளம்பரத்தில் உங்கள் ஆளின் முகத்தை ஆளுயரத்துக்கு வைத்திருந்தார்கள். "இந்தத் தடவை நம்மாளுதான் ஹீரோ" என்று உன் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேரைத் திரட்டினாய். சட்டைக்கு இஸ்திரி போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போனாய்.

அவன் ஹீரோ இல்லை. ஹீரோவின் நண்பன். கார் ஓட்டினான், ஜோக் அடித்தான். ஹீரோவுக்குக் கோபம் வரவேண்டும் என்பதற்காகப் பாதிப் படத்திலேயே செத்துப்போனான். அவன் இருட்டில் விழுந்து கிடந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு தமிழ்க் குரல்: "டேய், பல்லு மட்டும்தான்டா தெரியுது." வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ திரும்பி அவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய்.

வெளியே வந்ததும், "முகத்தக் காட்டி எங்களக் கூப்பிட்டான். வந்து உக்காந்ததும் எங்காளக் கொன்னான்" என்றாய். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "பின்னாடி உங்காளுங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டாய்.

"ஒண்ணுமில்ல, படத்தப் பத்திதான்."

"நீயும் சிரிச்சியே, பாய்."

எங்கள் ஃபோர்மேன் என்னைக் 'காலியா', கறுப்பன், என்று கூப்பிட்டபோது, "அவனுக்குப் பேர் இருக்கு" என்று வாசலில் மறித்தவன் நீ. அந்த உன்னிடம்தான் பொய் சொன்னேன்.

அதன்பிறகும் சலாம் சொன்னாய். படத்துக்கு மட்டும் கூப்பிடவே இல்லை. பிறகு லீவில் ஊருக்குப் போனாய். அங்கே மலேரியாவில் இறந்துவிட்டாய் என்று புதிதாக வந்த வாட்ச்மேன் சொன்னான். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நான்கு மாதம் இருந்தது. கேட்கவில்லை.

போன வாரம் இங்கே ரூமில் பையன்கள் டிவிடி போட்டார்கள். திரையில் ஒரு கறுப்பு ஆள் செத்தான். ஒருவன் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எழுந்து டிவியை அணைத்தேன்.

"என்னண்ணே, படம்தானே?" என்றான் அவன்.

அவனைத் திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. அவன் சிரித்த மாதிரியேதான் அன்றைக்கு நானும் சிரித்திருப்பேன்.