பச்சைக் கண்ணாடிப் பார்சல்

என்னங்க,

இந்தச் சீட்டைக் கொடுத்த மாடி வீட்டு அக்காவிடமே சாவியும் இருக்கிறது. சாப்பாட்டைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். விண்கல் விழுந்த சூட்டில் உருகின பச்சைக் கண்ணாடி, நீங்கள் சொல்லிவைத்தது, பார்சலில் வந்துவிட்டது. உடையாமல் இருக்க உங்கள் தலையணை மேல் வைத்தேன். ராத்திரியில் அதுதான் எனக்குத் துணை.

நேற்று போனில் பாலைவனத்தில் கல் கிடைத்த கதையை நீங்கள் நிறுத்தவே இல்லை. நானும் கோபத்தில் பட்டென்று வைத்துவிட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. இன்று என் மார்பில் இருக்கும் கட்டியை எடுக்கிறார்கள்.

"கூட யார் வர்றாங்க?" என்று தேதி குறித்த அன்றே நர்ஸ் கேட்டாள்.

"அவர் கல்லு பொறுக்கப் போயிருக்காரு" என்றேன். கேலி என்று நினைத்துச் சிரித்தாள்.

பயப்படாதீர்கள், சின்னக் கட்டிதான்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: வந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், மூன்றாம் மாடி. என்னை உள்ளே கூப்பிடும்வரை பக்கத்து நாற்காலியில் பையை வைத்து உங்களுக்கு இடம் பிடித்திருப்பேன்.