தண்ணீர் தானே ஏறும் தொட்டி

ஜூன் 11, செவ்வாய்

இன்றைக்கும் ஒரு மொட்டு உதிர்ந்து கிடந்தது. மஞ்சள் செம்பருத்தியில். நுனியில் நிறம்கூடத் தெரிய ஆரம்பித்திருந்தது. விரிய இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோ.

வீட்டுக்குள் வைத்தால் அப்படித்தான் என்கிறார்கள். வேறு எங்கே வைக்க? கோயமுத்தூர் துடியலூரில் நான்காவது மாடி வீடு, பால்கனி கிடையாது. தொட்டி வைத்தால் ஒழுகுகிறது என்று மொட்டை மாடிக்கு அசோசியேஷன் பூட்டுப் போட்டுவிட்டது. அதனால் மூன்று செம்பருத்தியும் ஹாலில், கிழக்கு ஜன்னலை ஒட்டி.

எழுந்ததும் தண்ணீர் ஊற்றினேன். காப்பி வைத்துவிட்டு வந்து மறுபடி ஊற்றினேன். மண்ணை விரலால் குத்திக் குத்திப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. அந்த வேலைக்காகத்தான் கட்டிலை விட்டு இறங்குகிறேன்.

மார்ச்சில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. எட்டாம் மாதம். பனிக்குடத்தில் தண்ணீர் குறைந்துவிட்டது என்றார் டாக்டர்.

எழுதிவிட்டேன். இதுவரை இந்த வரியை எழுதவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

ரூபன் நேற்று சாயங்காலம் உடுமலை வேலையிலிருந்து வாரக் கடைசிக்கு வீட்டுக்கு வரும்போது மூன்று புதுத் தொட்டிகளோடு வந்தார். வெள்ளைப் பிளாஸ்டிக். மேலே மண், அடியில் தண்ணீர். நடுவில் ஒரு திரி. வேருக்கு வேண்டிய தண்ணீர் அது வழியாகத் தானே ஏறுமாம். பக்கத்தில் ஒரு குழாய், அதற்குள் சிவப்பாக ஒரு மிதவை. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும்.

காலையில் அவரே உட்கார்ந்து செடிகளை மாற்றினார். காற்றாலைப் பக்கத்திலிருந்து சாக்கில் செம்மண் கொண்டு வந்திருந்தார். பாதிக்குப் பாதி தேங்காய் நார்த்தூள் கலக்கச் சொல்லிக் தொட்டியோடு வந்த தாளில் போட்டிருந்தது. படித்துச் சொன்னேன்.

"மண்ணே போதும் செல்வி. எங்கப்பன் என்ன நார்த்தூளு வாங்கியா செடி வெச்சாரு?"

நானும் விட்டுவிட்டேன். அவர் இவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று.

"இனி நீ செடியப் பத்தி ரோசனையே பண்ண வேண்டாம். அதுவே வேணுங்கறத உறிஞ்சிக்கும். நீ பாட்டுக்குப் படுத்து ரெஸ்ட் எடு."

நல்லாருக்குங்க என்றேன். அவருக்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது, செய்தார். நான் தண்ணீரும் கையுமாகத் திரிவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

ஆனால் ஊற்ற வேண்டாம் என்றால், நாளைக்கு நான் எதற்கு எழ வேண்டும்?

ஜூன் 19, புதன்

எழவில்லை.

ஜூன் 24, திங்கள்

விடியும் முன்பே ரூபன் கிளம்பிப் போய்விட்டார். காத்து சீசன் ஆரம்பித்துவிட்டது, இனி லீவு கேட்க முடியாது. காற்றாலையில் காற்றாடி நின்றால் இவர்தான் மேலே ஏறிச் சரிசெய்ய வேண்டும்.

மத்தியானம் காங்கேயத்திலிருந்து அத்தை கூப்பிட்டார். ரூபனின் அம்மா, சாந்தாமணி அத்தை. நல்லவர்தான். ஆஸ்பத்திரியில் என் கால் பக்கமே உட்கார்ந்திருந்தவர்.

"தண்ணி நல்லாக் குடிக்கறயா கண்ணு? அப்பவே நல்லாக் குடிச்சிருந்தீன்னா..."

அதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு தேங்காய் விலை, மழை என்று என்னென்னவோ பேசினார். நான் உம் கொட்டினேன்.

போனை வைத்துவிட்டு மூன்று தொட்டியையும் நிரப்பினேன். மிதவை மேலேதான் நின்றது, தெரியும். தண்ணீர் வழிந்து சோபாவுக்கு அடியில் ஓடியது. துடைத்துக்கொண்டே இருந்தேன். குடித்தேன் அத்தை. குடிக்காமலா இருந்தேன்? சொம்பு சொம்பாகக் குடித்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

வெயிலே இல்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு வண்டிகள் போகின்றன. காற்றும் தூறலும்.

சிவப்புச் செம்பருத்தியின் அடி இலைகள் மஞ்சளாகிவிட்டன. கிட்டே போனால் ஒரு வாடை. சின்னச் சின்ன ஈக்கள். தாளை எடுத்து மறுபடி படித்தேன். "அடித்தொட்டி வற்றியபின் ஓரிரு நாள் விட்டு நிரப்பவும், வேருக்குக் காற்று வேண்டும்."

முதல் நாளே படித்ததுதான். ஆனால் வற்ற எப்படி விடுவது? மிதவை கொஞ்சம் இறங்கினாலே சமையலறைக்கு ஓடுகிறேன். உடனே ஒரு டம்ளர். இறங்காவிட்டாலும் ஒரு டம்ளர். ஸ்கேன் எடுத்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தாரே, அது ஞாபகம் வந்துவிடுகிறது.

நான் வேலை பார்த்த கண்ணாடிக் கடையிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். எப்போது வேலைக்கு வருகிறாய் என்று கேட்கத்தான். எடுக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

சிவப்புச் செடி சாய்ந்துவிட்டது. நிமிர்த்தலாம் என்று தண்டைப் பிடித்தேன். கையோடு வந்துவிட்டது. வேர் இருந்த இடத்தில் கறுப்பாகக் கூழ்.

தண்ணீர் பத்தாமல் ஒன்று. தண்ணீர் மிஞ்சி ஒன்று.

என்னதான் பண்ணோணும் நானு? யாராச்சும் சொல்லித் தொலைங்களேன். குடுத்தாலும் சாகுது, குடுக்காட்டியும் சாகுது. என் கையில எதுவுமே தங்காதா?

தரையிலேயே படுத்துக்கொண்டேன். போன் அடித்தது, அடித்தது, நின்றது. இப்படியே எழாமல் இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. பயம்கூட வரவில்லை. அதுதான் இப்போது எழுதும்போது பயமாக இருக்கிறது.

கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டு உம்மல் குல்சும் அக்கா. "ஏனுங்க செல்வி, உங்க ஊட்டுக்காரரு எனக்குப் போன் மேல போன் போடறாருங்க. கதவத் தொறங்க." திறந்தேன். என் முகத்தைப் பார்த்தார், தரையிலிருந்த செடியைப் பார்த்தார். உள்ளே வந்து என் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பொழுது இறங்கும் வரைக்கும் போகவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

இன்று நடந்ததை எழுத வேண்டும்.

வெள்ளைச் செம்பருத்தியும் போய்விட்டது. ரூபன் அதைத் தொட்டியோடு பாத்ரூமுக்குத் தூக்கிப்போய்க் கவிழ்த்தார். மண் களிமண்ணாக இறுகியிருந்தது. சேறு சொட்டியதால் செடியை ஒரு பழைய துண்டில் சுற்றினார். கீழே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

நான் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தேன். வாயில் தானாக வந்துவிட்டது.

"இப்படித்தான் கொண்டு போனீங்களா?"

அவர் கதவருகிலேயே நின்றார். என்ன கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. என்னை மயக்கத்தில் வைத்திருந்தபோதே அவரும் அவர் தம்பியும் குழந்தையைக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள். எனக்குக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. இத்தனை மாதம் நாங்கள் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மடியில் அந்தத் துண்டு.

"கார்ல மடியிலயே வெச்சுட்டுப் போனேன் செல்வி. தம்பி வாங்கறேன்னான். நான் குடுக்கலை."

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன்.

"எப்படி இருந்தா?"

"தலை நெறைய முடி. ஒரு காது லேசா மடங்கியிருந்துச்சு. நகமெல்லாம் இருந்துச்சு செல்வி, வெட்டற அளவுக்கு நகம்." அழ ஆரம்பித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. "உனக்குக் காட்டோணும்னுதான் இருந்தேன். எல்லாரும் வேண்டாம்னாங்க. நானும் பயந்துபோட்டேன். நீ தாங்க மாட்டேன்னு நெனச்சு... இல்ல, நான்தான் தாங்க மாட்டேன்னு."

கோபம் வந்தது. ரொம்ப. அவர் தோளில் அடித்தேன். அடித்துக்கொண்டே அழுதேன். காதைப் பற்றி மறுபடி சொல்லச் சொன்னேன். எந்தப் பக்கத்துக் காது என்று கேட்டேன். இடது என்றார்.

ஜூலை 15, திங்கள்

ரூபன் வேலைக்குப் போகவில்லை. இட்லி சாப்பிடும்போது இருவருமே அழுதோம். நேற்றுப் போலவே இன்றும் வலிக்கிறது. குறையவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

காங்கேயம் போனோம். சர்ச்சுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம், வேலி ஓரம். எனக்கு இடம் தெரியவில்லை. ரூபன்தான் நேராக நடந்தார். சின்ன மேடு, மேலே புல். அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

தரையில் உட்கார்ந்து கையை வைத்தேன். மண் சூடாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. புல்லைக் கொஞ்சம் பிடுங்கினேன், பிறகு பாவமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

அத்தை பின்னாலேயே நின்றிருந்தார். திரும்பும்போது என் கையைப் பிடித்து, "நான் அன்னிக்குப் போன்ல அப்படிச் சொல்லிருக்கக் கூடாது கண்ணு" என்றார். பரவாயில்லைங்க அத்தை என்று சொல்ல வரவில்லை. கையை மட்டும் உருவிக்கொள்ளாமல் இருந்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

உடுமலைக்குக் குடிவந்து ஒரு வாரம். சீசன் முடியாமல் ரூபனைக் கோயமுத்தூருக்கு மாற்ற முடியாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அப்ப நான் வாரேன் என்றேன். கண்ணாடிக் கடை வேலையை விட்டாயிற்று. ஊருக்கு வெளியே தரைத்தள வீடு. காற்று ஓயாமல் கதவை அடிக்கிறது.

மிஞ்சிய மஞ்சள் செம்பருத்தியைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தோம். காற்றில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. குச்சியாக நிற்கிறது. பிழைக்குமா தெரியவில்லை. தண்ணீரை ரூபன் ஊற்றுகிறார். நான் இன்னும் என்னை நம்பவில்லை.

சில நாள் எழுகிறேன். சில நாள் முடிவதில்லை.

இன்று காலை காலித் தொட்டிகளை வெளியே போட்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்து முத்தாத்தாள் அக்கா பார்த்துவிட்டு, கோழிக்குத் தண்ணி வைக்க ஆகும், எடுத்துக்கட்டுங்களா என்று கேட்டார். எடுத்துக்கோங்க என்றேன். மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"கொழந்தைங்க எத்தனைங்க?"

துடியலூரில் யாராவது கேட்டால் இல்லைங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

"ஒரு பொண்ணுங்க. மார்ச்சுல தவறிட்டா."

அவர் தொட்டிகளைக் கீழே வைத்தார். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"அப்ப இன்னும் ஆறு மாசங்கூட ஆகலியே அம்மணி."

"ஆகலைங்க" என்றேன்.