நாத்தனார் வெளுத்த தோசைக்கல்

என்னோடு ஒரே அடுப்படியில் முட்டி மோதி வாழ்ந்த என் ஆசை சரோஜா அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. இடுப்புவலியும் மூட்டுவலியும் இல்லாத இடத்தில் இருக்கிறீர்கள், நன்றாகத்தான் இருப்பீர்கள். நம் மாமியாரும் அங்கேதான் இருக்கிறார் என்பதை நினைத்தால்தான் கொஞ்சம் பாவமாக இருக்கிறது.

நேற்று உங்களுக்கு வருஷத் திதி கொடுத்தோம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது நம் தோசைக்கல்லைப் பற்றிச் சொல்ல. இந்த ஒரு வருஷமாக அந்தக் கதை யாரிடமும் முழுசாகச் சொல்ல முடியாமல் தொண்டையிலேயே நிற்கிறது. கல்லின் அருமை தெரிந்த ஒரே ஆள் நீங்கள். நீங்களோ காய்ச்சல் என்று படுத்து, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டீர்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. நானும் சரோஜா அக்காவும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். கீரனூரில் திருச்சி பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், வீட்டு வாசலிலேயே தோசைக்கடை போட்டோம். காலையில் திருச்சிக்கு வேலைக்கும் காலேஜுக்கும் ஓடுகிற கூட்டம்தான் எங்கள் வாடிக்கை. மாவு என் பொறுப்பு, கல் அக்கா பொறுப்பு. கல்லில் என் விரல் பட்டால் போதும், "கைய எடுடி" என்று ஒரு சத்தம் வரும்.

அக்கா, அந்தக் கல்லை நீங்கள் என்ன பாடுபடுத்தினீர்கள்! இல்லை, அந்தக் கல்லுக்காக எங்களை என்ன பாடுபடுத்தினீர்கள்! கடை முடிந்ததும் சூடு ஆறும்வரை யாரும் கிட்டே போகக்கூடாது. சூட்டில் பச்சைத்தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும் என்பீர்கள். ஆறியபிறகு தோசைத் திருப்பியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, மறுபடி அடுப்பில் ஏற்றி ஈரத்தை விரட்டி, நல்லெண்ணெயில் நனைத்த துணியால் ஒரு தடவு. சோப்பு கிடையாது. நார் கிடையாது. சப்பாத்தி கிடையவே கிடையாது. பெற்ற மகள் கவிதாவைக்கூட நீங்கள் இப்படித் துடைத்துத் தடவி வளர்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அப்புறம் அந்த முதல் தோசை. எவ்வளவு பழகிய கல்லாக இருந்தாலும் காலையில் ஊற்றுகிற முதல் தோசை பிய்ந்துதான் வரும். அதைச் சுரண்டி ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வீர்கள். நான் ஏதாவது சொன்னால், "எனக்கு இதுதான்டி பிடிக்கும், மொறுமொறுன்னு" என்பீர்கள். நானும் நம்பினேன். பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் வந்துவிட்டால் அப்புறம் நமக்கு ஏது நேரம்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கருமாதிக்கு முதல் நாள் வீடு கழுவினார்கள். தீட்டு ஒட்டியிருக்கக்கூடாது என்று ஒரு கரண்டி விடாமல் வெளியே போனது. யார் தலைமை என்று சொல்லவேண்டுமா? நம் நாத்தனார்தான். நார்த்தாமலையிலிருந்து வந்து இறங்கியவர், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தார். நான் உள்ளே உறவுக்காரர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே செங்கல் பொடி, கம்பி நார், சோப்புக்கட்டி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு அந்த மனுஷி நம் கல்லைப் பிடித்துத் தேய்த்திருக்கிறார். சும்மா சொல்லக்கூடாது, உழைப்பாளி.

"மலரு! இங்கிட்டு வந்து பாரு! எத்தன வருசத்து அழுக்குடி இது? இம்புட்டுக் கருப்ப வச்சுக்கிட்டா ரெண்டு பேரும் யாவாரம் பண்ணீங்க? இப்பப் பாரு, மொகமே தெரியும்!"

போய்ப் பார்த்தேன். மொட்டையடித்த தலை மாதிரி வெளுத்துக் கிடந்தது கல்.

அதுவரை எனக்கு அழுகையே வரவில்லை அக்கா. உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட மரம் மாதிரிதான் நின்றேன். கல்லைப் பார்த்ததும் ஓவென்று வந்துவிட்டது. நாத்தனாரே பயந்துபோய் சோப்புக்கையோடு என்னைக் கட்டிக்கொண்டார். "அழுடி ஆத்தா, அழுது தீத்துரு. ஓரகத்தின்னா இப்படில்ல இருக்கணும்!" என்று அவர் சொல்ல, ஊர் முழுக்க எனக்கு ஒரே நல்ல பெயர். நான் கல்லுக்கு அழுதேன் என்று எந்த வாயால் சொல்வேன்? அந்தக் கருப்பு அழுக்கா அக்கா? தினம் தினம் நீங்கள் தடவித் தடவி ஏற்றிய எண்ணெய் அல்லவா அது? வீட்டில் உங்கள் கை மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. அதையும் கழுவி ஊற்றியாயிற்று.

கடையைத் திறந்தேன். ஊற்றிய தோசை கல்லை விட்டு வரமாட்டேன் என்று சாதித்தது. தினமும் வருகிற டீச்சர் ஒருவர் தட்டைப் பார்த்துவிட்டு, "இது தோசைங்களா, உப்புமாங்களா?" என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மறுநாளிலிருந்து இட்லி மட்டும்.

எங்கள் வீட்டுக்காரர் அவர் பாட்டுக்கு, "ஒட்டாத கல்லு ஒண்ணு வாங்கிப் போட்டுரலாம்" என்றார். அப்போது உங்கள் வீட்டுக்காரர், அதுதான் நம் பெரிய மாமா, அதிகம் பேசாத மனுஷன், தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"வருசத் திதிக்குள்ள அந்தக் கல்லுல தோச வந்துருமா மலரு? அவளுக்குத் தோச வைக்காம என்ன படையலு?"

"வந்துரும் மாமா" என்று சொல்லிவிட்டேன். எப்படி வரும் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்வது?

அதிலிருந்து ஆரம்பித்தது என் கூத்து. அரிசி களைந்த தண்ணீரிலும் வடிகஞ்சியிலும் கல்லை ஊறப் போட்டேன். எடுத்துக் காயவைத்தால் மறுநாள் காலையில் செம்மண் பூசினாற்போல் துரு. புளியைக் கரைத்துத் தேய்த்துத் துருவை எடுத்தேன். அடுப்பில் காயவைத்து, சூடு ஏறும்போதே நல்லெண்ணெய் தடவி, புகை வந்ததும் இறக்கி, ஆறவிட்டு, மறுபடி தடவி, மறுபடி ஏற்றி... வீடெல்லாம் புகை. பெரிய மாமா இருமிக்கொண்டே கிட்டே உட்கார்ந்திருப்பார், எழுந்து போகமாட்டார். வெங்காயத்தைப் பாதியாக வெட்டித் தேய்த்தேன். கத்திரிக்காய்க் காம்பை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தேன். தேய்க்கும்போதெல்லாம் "கைய எடுடி" என்று நீங்கள் சொல்லுகிற சத்தம் காதில் விழும். "நீங்க வந்து செய்யுங்க, நான் எடுக்கிறேன்" என்று நானும் பதில் சொல்லுவேன். பெரிய மாமா யாரோடு பேசுகிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கல்லைப் பழக்கவேண்டுமென்றால் அதில் தோசை ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஊற்றியது பிய்ந்து வரும். பிய்ந்ததை விற்க முடியுமா? தூக்கி எறிய மனசு வருமா? கிண்ணத்தில் சுரண்டிப் போட்டு, உங்களை மாதிரியே நின்றபடி நான் தின்றேன்.

சீ! பாதி கருகல், பாதி பச்சை மாவு, அதற்கு மேல் ஒரு இரும்பு வாடை. இதையாடி பிடிக்கும் என்று சொன்னாய்? பொய்க்காரி! இத்தனை வருஷமாக முகத்தைச் சுளிக்காமல் தின்று என்னை ஏமாற்றியிருக்கிறாயே, நீ நன்றாக இருப்பாயா? கோபத்தில் மரியாதை போய்விட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளாவது "மலரு, இன்னிக்கி நீ தின்னு" என்று சொல்லியிருக்கக்கூடாதா? சொல்லியிருந்தால் தின்றிருக்கமாட்டேன், அது வேறு விஷயம்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கல் கருக்க ஆரம்பித்தது. முதல் தோசை பிய்ந்தாலும் அடுத்தது ஓரம் விட்டுக்கொடுத்தது. நான் சந்தோஷப்பட்டது உங்கள் மகளுக்குப் பொறுக்கவில்லை. கவிதாவுக்குத் திருச்சியில் வேலை கிடைத்துவிட்டது, அதை முதலில் சொல்லியிருக்கவேண்டும். வேலைக்குப் போனதும் உடம்பைக் குறைக்கிறேன் என்று புதுப் பைத்தியம். ஒருநாள் சாயங்காலம் வந்தவள், நான் இல்லாத நேரம் பார்த்து நம் கல்லில் வறட்டுச் சப்பாத்தி போட்டுவிட்டாள்! மறுநாள் காலையில் தோசை பழையபடி கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டது.

"ஒங்கம்மா இருந்திருந்தா கரண்டியாலயே போட்டிருப்பாடி!" என்று கத்தினேன்.

"ஒரு சப்பாத்திக்கா சித்தி இம்புட்டு?" என்று அவளும் கத்தினாள். அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கையில் ஒரு புதுக் கல். அதன் பிடியில் பெயின்டால் 'சப்பாத்தி மட்டும்' என்று எழுதி என் முன்னால் வைத்தாள். பிறகு நம் கல்லுக்கு எண்ணெய் தடவுகிற துணியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, "அம்மா சேலயே இப்படித்தான் வாசம் அடிக்கும் சித்தி" என்றாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். அப்புறம் பசித்தது, இட்லி சாப்பிட்டோம்.

திதிக்கு முதல் நாள் நாத்தனார் வந்தார். வந்ததும் வராததுமாகச் சேலையை இழுத்துச் செருகினார் பாருங்கள், எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. நானும் கவிதாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கல்லைத் தூக்கி, பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டோம்.

"தோசக்கல்ல எங்கடி காணோம்? குடு, கழுவித் தாரேன்."

"அத வித்தாச்சு அண்ணி."

அடுத்த நாள் காலையில் அடுப்பில் கல்லைப் பார்த்ததும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யய்யே! மறுபடியும் கருப்பாக்கி வச்சிருக்கியேடி! ஒரு நார் எடு." பெரிய மாமா குறுக்கே வந்து நின்றார். "ஆத்தா, நீ அங்கிட்டுப் போயி எலையக் கழுவு." தங்கையிடம் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எல்லாரும் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். நான் வழக்கம்போல் கிண்ணத்தைப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தேன். முதல் தோசை எனக்கு, இரண்டாவது உங்கள் இலைக்கு என்று கணக்கு. மாவை ஊற்றி, தேய்த்து, எண்ணெய் விட்டேன். ஓரத்தில் திருப்பியைக் கொடுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது அக்கா! முதல் தோசை! ஒரு பிசிறு இல்லாமல், வட்டமாக, முறுகலாக! கவிதா கைதட்டினாள். நான் திருப்பியும் கையுமாக அப்படியே நின்றேன். கிண்ணம் காலியாகக் கிடந்தது.

பெரிய மாமா மெதுவாகச் சொன்னார்: "இதவே அவ எலையில வையி. மொத தோசய முழுசா அவ தின்னதே இல்ல."

வைத்தேன். கும்பிட்டுவிட்டு, அந்தத் தோசையையே எடுத்து ஓட்டின்மேல் வைத்துக் காக்காயைக் கூப்பிட்டோம். வந்த காக்கை கொத்திப் பிய்க்கவில்லை. மடித்த தோசையை அப்படியே கவ்விக்கொண்டு, கனம் தாங்காமல் தடுமாறி, பக்கத்து வீட்டு மாடிக்குப் பறந்துவிட்டது. அங்கே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து நிதானமாகத் தின்றது. எல்லாரும் சிரித்தோம், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். அதற்குப் பிறகு நாத்தனார் எத்தனை தோசை சாப்பிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். "கருப்பா இருந்தாலும் நல்லாத்தான்டி வருது" என்று சொன்னதை மட்டும் சொல்கிறேன்.

நாளையிலிருந்து கடையில் மறுபடி தோசை உண்டு. உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். தினமும் முதல் தோசை பிய்ந்து வந்தால் அது எனக்கு. முழுசாக வந்தால் ஓட்டின்மேல் உங்களுக்கு. கூட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் உட்கார்ந்து சாப்பிடுங்கள் அக்கா.

கல்லில் கை வைத்ததற்குத் திட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு,
உங்கள் ஓரகத்தி
மலர்