இலை என்று எழுதியிருந்த இறகு

என் பிரியமான அப்பா,

இல்லை, அது இலை இல்லை. பூச்சியின் இறகுதான். இப்போது எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போன மறுவருடம் சென்னையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். கல்லில் பதிந்த இலைகள் வைத்திருக்கும் இழுப்பறைகள் என் பொறுப்பு. அதில் நகத்தளவு ஒரு பதிவு. ‘இலை, துண்டு’ என்று யாரோ எப்போதோ சீட்டு ஒட்டியிருந்தார். எனக்கு மட்டும் இறகாகத் தெரிந்தது.

சொன்னதும் பேராசிரியர் சிரித்தார். “ஏம்மா, ஆவுடையார்கோவில்காரங்களுக்கு இலையெல்லாம் பூச்சியாத்தான் தெரியுமா?” பிறகு சிரிக்காமல் சொன்னார்: முதல் கட்டுரையே தப்பானால், அடுத்ததை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

இரண்டு நாள் அந்த இழுப்பறையைத் திறக்கவில்லை. பயம்தான்.

பிறகு, நெல்லின் சாற்றைக் குடிக்கும் புகையான் பூச்சி நம் வயலில் விழுந்த அந்த வருடம் நினைவுக்கு வந்தது. பயிர் திட்டுத்திட்டாகத் தீய்ந்து கிடந்தது. வயல் நீரில் மண்ணெண்ணெய் தெளித்து, பூச்சிகள் அதில் உதிர்ந்து விழப் பயிர்மேல் கயிறு இழுத்தோம். ஒரு முனை உங்களிடம், மறுமுனை என்னிடம். “கயித்தத் தொய்ய விடாத ஆத்தா” என்றீர்கள். விட்டுவிட்டேன். உதிர்ந்த பூச்சிகளைப் பார்த்து நின்றுவிட்டேன். எண்ணெய் பட்ட இறகுகள் விரிந்து, நரம்பு நரம்பாகத் தெரிந்தன. திட்டினீர்களா? நினைவில்லை.

விடுதி ஸ்டவ்விலிருந்து ஒரு துளி மண்ணெண்ணெய் எடுத்துப்போய்க் கல்லின்மேல் விட்டேன். மங்கல் விலகியது. இறகின் அடிமூலையில் இரண்டு நரம்புகள் நெருங்கிவந்து ஒன்றாகி, கவட்டைக் கம்புபோல நின்றன. புகையான் வம்சத்தின் அடையாளம் அது.

பேராசிரியர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். “இந்தப் புது இனத்துக்குப் பேர நீயே வையிம்மா” என்றார்.

அந்தக் கல் உண்டான காலத்தில் நெல் இல்லை அப்பா. புல்லே இல்லை. இறகு மட்டும் ஏறக்குறைய இன்றைய இறகு. பூச்சிதான் மூத்தது. அதன் வம்சத்தில் ஒரு கிளை பிற்பாடு நெல்லுக்கு வந்திருக்கிறது. அதற்குமுன் எந்தச் செடியின் சாற்றைக் குடித்தது? இன்னும் யாருக்கும் தெரியாது. கட்டுரையில் அந்தக் கேள்வியை முதலில் எழுதியவள் நான்.

“குடியக் கெடுத்த பூச்சியப் போயி ஒருத்தி தேடிக் கண்டுபிடிப்பாளா?” என்றாள் அம்மா. ஆனால் சந்தையில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாளாம்.

உங்கள் பெயரை வைக்கத்தான் நினைத்தேன். பயிரை அழிக்கும் சாதிக்கு உங்கள் பெயரா? கோபப்படுவீர்கள். நம் ஊர்ப்பெயரை வைத்துவிட்டேன்.

அது குடித்த செடியையும் கண்டுபிடிப்பேன். எத்தனை வருடமானாலும்.

உங்கள் மூத்த மகள்

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அடுத்த இழுப்பறையைத் திறந்தேன்.