உதவியா, முற்பணமா

3 மார்ச் 2014, திங்கள்
மழை. கடை வாசலில் தண்ணீர். சூரை மீன் மூன்று பெட்டி, இறால் ஒன்று. பாரை வரவில்லை.

ஒரு அண்ணை: "சூரை எந்தக் கடல், பிள்ளை?" "ஐஸ்பெட்டிக் கடல்," என்றேன். சிரிக்கவில்லை. வாங்கவுமில்லை.

தங்கச்சி சுகிக்கு இன்று பெரிய வேலை. ஒரு சின்னத் தீவு நாட்டுக்காரரும் ஐரோப்பாக்காரரும் மீன்பிடி உரிமை பேசுகிறார்கள். நடுவில் இருந்து பிரெஞ்சை ஆங்கிலமாக்குவது இவள். என் நீலச் சால்வையை வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். டீவியில் வந்தாலும் வருவாள்.

4 செவ்வாய்
டீவியில் வரவில்லை. இரவு செவ்ரானில் எங்கள் வீட்டுக்கு வந்தவள் சோற்றைத் தொடவில்லை.

"என்னடி?"

"வாய் தவறிப் போச்சு அக்கா."

தீவுக்கு உதவி தருகிறோம், எங்கள் கப்பல்களை மீன் பிடிக்க விடுங்கள் என்று ஐரோப்பாக்காரர் சொல்ல, இவள் 'உதவி'யை விட்டுவிட்டு 'அட்வான்ஸ்' என்றிருக்கிறாள். முற்பணம். தீவுக்காரர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்களாம்.

அது எங்கள் வீட்டுச் சொல். ஊரில் மீன் முதலாளி உதவி என்று காசு தருவார். பிறகு பிடிக்கிற மீனெல்லாம் அவருக்கு, அவர் சொன்ன விலைக்கு. "உதவி எண்டு சொல்லாதை, முற்பணம் எண்டு சொல்லு," என்பார் அப்பா. மீன்பிடிப் பேச்சு என்றதும் நாக்கு அங்கே போய்விட்டது.

மொழிபெயர்ப்புக் கொம்பனி ஃபோன் எடுத்தது. நாளை வர வேண்டாமாம். அவள் அழுகிறாள். எனக்கோ பெருமை. சொன்னால் அடிப்பாள்.

5 புதன்
மல்லித்தூள் முடிந்தது. கரண்ட் காசு கட்ட வேண்டும்.

சுகி கடையில் நின்று மீன் வெட்டினாள். படுமோசம்.

வீட்டுக்காரர்: "மன்னிப்புக் கேட்டு எழுதச் சொல்லும்."

"ஏன், பொய்யோ சொன்னவள்?" என்றேன். இவர் எழும்பிப் போய் டீவியைப் போட்டார்.

6 வியாழன்
வெயில். காலையில் கொம்பனி திரும்ப ஃபோன். அந்தப் பெண் வந்தால்தான் இருந்து பேசுவோம் என்று தீவுக்காரர் நிற்கிறார்களாம். மீன் வெட்டின கையைக் கழுவியும் கழுவாமலும் சுகி ஓடினாள். கார் து நோர் ஸ்டேஷனிலிருந்து ஃபோன் எடுத்தாள்.

"அக்கா, கை மணக்குது."

"மணக்கட்டும். போ."

பின்னேரம் மறுபடி அவள் ஃபோன்: "பேச்சு முழுக்க இப்ப அந்தச் சொல்லிலைதான் நிக்குது அக்கா."

சூரைப் பெட்டியில் ஒட்டியிருந்ததை இன்றுதான் வாசித்தேன். அந்தத் தீவின் பெயர்.

கடை பூட்டுகிற நேரம் திங்கட்கிழமை அண்ணை. "இண்டைக்காவது சொல்லும், எந்தக் கடல்?"

"என்ர தங்கச்சி பேசுற கடல், அண்ணை."